நிற்க நிற்க முதிரும் டயர்

ஒரு சென்ட் நாணயத்தை லிங்கனின் தலை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து டயரின் பள்ளத்துக்குள் செருகிப் பார்ப்பது அமெரிக்காவில் வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அறிந்த சோதனை. லிங்கனின் உச்சந்தலை முழுவதும் வெளியே தெரிந்தால் பள்ளத்தின் ஆழம் ஓர் அங்குலத்தின் 32 பங்கில் 2 பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது என்று பொருள்; டயரை மாற்றியாக வேண்டும். 2024 மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சியாட்டிலுக்கு வடக்கே நாங்கள் மாத வாடகைக்கு வண்டி நிறுத்தியிருக்கும் திறந்தவெளி வளாகத்தில், தூறலில் நனைந்தபடி, படுக்கையும் அடுப்புமாக வீடுபோல் அமைந்த எங்கள் மோட்டார்ஹோம் வண்டியின் டயர்களில் அந்த நாணயத்தைச் செருகிக்கொண்டிருந்தேன். லிங்கனின் நெற்றியும் கண்களும் ரப்பருக்குள் மறைந்தன. பெயருக்குக்கூடத் தேய்மானம் இல்லை. நிம்மதியாக வீடு திரும்பியிருக்க வேண்டும். ஆனால் வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதே ஓர் உறுத்தல் தொடங்கிவிட்டது. டயர்கள் தேயவில்லை என்பது வீட்டில் உட்கார்ந்திருந்தபோதே எனக்குத் தெரியும். தெரிந்த விடையை நனைந்துகொண்டு போய்ச் சரிபார்த்துவிட்டு வந்திருந்தேன்.

வண்டி 2012-ஆம் ஆண்டு மாடல். ஃபோர்டு ஈ-450 சேசிஸின் மேல் கட்டிய ‘சி’ வகை மோட்டார்ஹோம்; முன்னால் இரண்டு, பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு, ஆக ஆறு டயர்கள். 2021-இல், பெருந்தொற்றுக் காலத்தில் ஊரே மோட்டார்ஹோம் வாங்கத் துடித்தபோது, ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து இதை வாங்கினோம். டயர்களையெல்லாம் மாற்றியாகிவிட்டது என்று அவர் சொன்னார். சொன்னது உண்மைதான் என்பதற்கு அடையாளமாக முன் டயர்களின் பக்கவாட்டில் 2216 என்ற எண்ணைக் குனிந்து பார்த்தேன். டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கம்) என்ற எழுத்துகளுடன் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் அவை. 2016-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். அப்போது அவற்றுக்கு ஐந்து வயது. மூன்று கோடைகள் கழித்து எட்டு வயது ஆகப்போகிறது. வரும் ஜூலையில் ஐ-90 நெடுஞ்சாலை வழியாக யெல்லோஸ்டோன் போய்வருவதாகப் பிள்ளைகளிடம் சொல்லியாகிவிட்டது. போக மட்டும் ஏறத்தாழ 750 மைல்.

### நாமக்கல் கணக்கு

டயர் பற்றிய என் அறிவு முழுவதும் நாமக்கல்லில் பெற்றது. அப்பா ஒற்றை லாரி வைத்திருந்தார். நேஷனல் பர்மிட் வண்டி. ஆண்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடியாக வேண்டும், இல்லாவிட்டால் தவணை கட்ட முடியாது. அந்தக் காலத்து லாரிகளில் நைலான் டயர்கள்தாம். புது டயர் ஓடித் தேய்ந்து பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேற்புற ரப்பர்க் கட்டிகள், போனதும், மேலே புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெட் கடைக்குப் போகும். கேசிங் எனப்படும் டயரின் உடல் நன்றாக இருந்தால் மீண்டும் ஒரு முறை போகும். கடைசியில் ரப்பர் முழுவதும் கரைந்து உள்ளே இருக்கும் நூல் தெரியத் தொடங்கும்போதுதான் அந்த டயரின் ஆயுள் முடிந்ததாகக் கணக்கு. செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும்போதெல்லாம் கிளீனர் இறங்கிப்போய் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பார். இரட்டை டயரில் உள் டயர் காற்றிறங்கியிருந்தால் ஒலி மாறிவிடும். அந்தத் தட்டலை வைத்தே என் அப்பா, கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி, எந்தச் சக்கரத்தில் எவ்வளவு காற்றுக் குறைவு என்று சொல்லிவிடுவார்.

இந்தக் கணக்கில் வயது என்பதற்கு இடமே கிடையாது. ஒரு டயருக்கு வயதாவதற்குள் அது தேய்ந்துவிடும். ஆகவே வண்டியை வாங்கிய நாளிலிருந்து என் கண் பட்டனை மட்டுமே பார்த்துவந்தது. மார்ச் மாதத்து அந்த ஞாயிறன்று இரவு அப்பாவிடம் தொலைபேசியில் பேசியபோது அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

“பட்டன் இருக்குதா கண்ணு?”

“பட்டனெல்லாம் அப்படியே இருக்குதுங்கப்பா. வருஷந்தான் எட்டாகப் போகுது.”

“ஓடாத டயருக்கு என்ன வருஷக் கணக்கு?”

அவர் கேட்டதில் தவறில்லை. ஓடாத பொருள் தேயாது என்பது லாரி வைத்துப் பிழைத்தவரின் அனுபவம். மோட்டார்ஹோம் ஆண்டில் பதினொரு மாதம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, அப்படி நிற்பதே அதன் டயர்களுக்குக் கேடு என்பதைத் தொலைபேசியில் அவருக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையில் எனக்கே அப்போது அது முழுதாக விளங்கியிருக்கவில்லை.

### ஆறுக்கும் பத்துக்கும் இடையில்

ஆறு ஆண்டுகளுக்குப் பின் பட்டன் எப்படி இருந்தாலும் டயரை மாற்றிவிடச் சொல்கிறது ஃபோர்டின் கையேடு. மிஷ்லின் போன்ற டயர் நிறுவனங்களோ, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், செய்த தேதியிலிருந்து பத்து ஆண்டுகள் ஆனால் கட்டாயம் மாற்றிவிடுங்கள் என்கின்றன. ஒரே டயருக்கு ஒருவர் ஆறு என்கிறார், மற்றவர் பத்து என்கிறார். அந்த நான்கு ஆண்டு இடைவெளியில்தான் என் எட்டு வயது டயர்கள் நின்றுகொண்டிருந்தன. இப்படி ஓர் இடைவெளி கிடைத்தால் மனம் சும்மா இருக்காது. எனக்கு வேண்டிய விடை பத்து. அதற்கான சான்றுகளை நான் திரட்டத் தொடங்கினேன்.

முதல் சான்று, நாங்கள் இருப்பது குளிர்ந்த வடமேற்கு. டயரை முதுமையாக்குவதில் வெப்பத்தின் பங்கு பெரிது. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2007-இல் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு இருக்கிறது. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் 27 விழுக்காட்டினர் மட்டுமே அரிசோனா, கலிபோர்னியா, புளோரிடா, லூசியானா, டெக்ஸஸ் ஆகிய ஐந்து வெப்பமான மாநிலங்களில் இருந்தார்கள். ஆனால் டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 விழுக்காடு அந்த ஐந்து மாநிலங்களிலிருந்தே வந்தன. இதைப் படித்து மகிழ்ந்த நான், அதே பத்தியின் அடுத்த வரியை மெல்லக் கடந்துவிட்டேன். அந்தக் கோரிக்கைகளில் 84 விழுக்காடு ஆறு வயதைக் கடந்த டயர்களுக்கானவை என்றது அந்த வரி. தவிரவும், குளிர்ந்த வடமேற்கில் நிற்கும் வண்டி கோடையில் எங்கே போகிறது? முந்தைய ஆண்டு ஜூலையில் யூட்டாவின் மோவாப் வரை போனோம். தார்ச்சாலையில் முட்டை பொரிக்கலாம் போன்ற வெயில்.

இரண்டாவது சான்றுக்காக எடைமேடைக்குப் போனேன். டிரக் நிறுத்தங்களில் அச்சு வாரியாக எடை போட்டுத் தாள் தருவார்கள். தண்ணீரும் எரிபொருளும் நிரப்பி, பாத்திரம் பண்டம் எல்லாம் ஏற்றி நிறுத்தியபோது முன் அச்சு 4,150 பவுண்டு, பின் அச்சு 8,920 பவுண்டு. எங்கள் டயர் அளவுக்கு, 80 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில், இரட்டையாகப் பூட்டும்போது ஒவ்வொன்றும் 2,470 பவுண்டு தாங்கும். பின் டயர் ஒவ்வொன்றின் மீதும் சுமார் 2,230. வரம்புக்குள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். வரம்பில் 90 விழுக்காட்டில், ஆண்டில் பதினொரு மாதம் அசையாமல், ஒரே இடத்தை அழுத்திக்கொண்டு இருக்கிறது என்றும் சொல்லியிருக்கலாம். எடைபோட்டது நல்ல காரியம்தான். மோட்டார்ஹோம்களில் பூட்டியிருந்த சுமார் 1,73,000 டயர்களை குட்இயர் நிறுவனம் 2022-இல் திரும்பப் பெற்றபோது, டயரில் குறையில்லை, அதிகச் சுமையும் குறைந்த காற்றும்தான் ஆபத்து என்றே காரணம் கூறியது. அந்தக் காரணத்தை ஏற்பவரும் ஏற்காதவரும் எடைபோடாமல் இருக்க முடியாது. ஆனால் சுமை சரியாக இருக்கிறது என்பதும் டயருக்கு வயதாகவில்லை என்பதும் வெவ்வேறு செய்திகள். ஒன்றைக் கொண்டுவந்து மற்றொன்றுக்குச் சாட்சியாக நிறுத்தினேன்.

மூன்றாவது சான்று எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று ஆண்டுகளாக ஓட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லை.

### ரப்பருக்குள் நடப்பது

பக்கவாட்டில் மெல்லிய கீறல்கள் விழுவதைத்தான் டயர் முதுமையின் அடையாளமாக எல்லோரும் காட்டுவார்கள். அது காற்றிலுள்ள ஓசோனின் வேலை. அதைத் தடுப்பதற்காக ரப்பரைக் கலக்கும்போதே மெழுகும் 6பிபிடி என்ற வேதிப்பொருளும் சேர்க்கிறார்கள். டயர் சுழன்று மடங்கி விரியும்போது இவை உள்ளிருந்து கசிந்து மேற்பரப்புக்கு வந்து ஒரு கவசம்போலப் படிகின்றன. ஓடினால்தான் நன்றாகக் கசியும். நிற்கும் டயரில் கவசம் தேய்ந்துபோகிறது, புதிதாக வருவது குறைவு. (இந்த 6பிபிடி ஓசோனுடன் சேர்ந்து உருவாகும் சேர்மம்தான் எங்கள் பியூஜெட் சவுண்ட் பகுதியின் நகர ஓடைகளில், மழை பெய்ததும் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்து மிதப்பதற்குக் காரணம் என்று வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் 2020-இல் கண்டறிந்தார்கள். டயரைக் காப்பது மீனைக் கொல்கிறது. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

ஆனால் நெடுஞ்சாலையில் டயர் சிதறுவதற்கு இந்தக் கீறல்கள் முதன்மைக் காரணமல்ல. ரேடியல் டயரின் மேற்பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் நெய்த இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அவற்றை ஒட்டவைத்திருப்பது இடையிலுள்ள மெல்லிய ரப்பர். டயருக்குள் 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடைத்த காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது உள்ளிருந்து வெளியே மெல்ல ஊடுருவிக்கொண்டே இருக்கிறது, வழியில் அந்த ஒட்டு ரப்பரை இறுகவைத்து நெகிழ்வைப் பறிக்கிறது. வெப்பம் கூடினால் இது விரைவாகும். பட்டைகளின் விளிம்பில் முதல் விரிசல் விழும். விரிசல் உள்ளுக்குள்ளேயே சுற்றிப் பரவி, ஒரு நாள் வேகத்திலும் வெயிலிலும் மேல் பட்டை மொத்தமாக உரிந்து பறக்கும். அப்படிப் பறக்கும்போது அது சவுக்குபோல் சுழன்று சக்கரத்துக்கு மேலிருக்கும் தளத்தையும் குழாய்களையும் மின்கம்பிகளையும் கிழித்துப்போடும். எங்கள் வண்டியில் பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால்தான் உணவு மேசை. பயணத்தின்போது பிள்ளைகள் இருவரும் பெல்ட் போட்டுக்கொண்டு உட்காரும் இடம் அதுதான்.

அப்பாவின் நைலான் டயரில் எஃகுப் பட்டை கிடையாது. அது தேய்ந்து நூல் தெரிந்து, இதோ போகப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகும். கம்பியால் தட்டினால் காற்றின் அளவு தெரியும். பட்டையின் விளிம்பில் விழுந்த விரிசல் தெரியாது. நாணயத்துக்கும் தெரியாது. தேர்ந்தவரிடம் காட்டச் சொல்கிறார்களே, அந்தத் தேர்ந்தவரும் வெளியிலிருந்துதான் பார்க்கிறார். புடைப்பு, வெட்டு, ஆழமான கீறல் இருந்தால் சொல்வார். ஒன்றும் தென்படாவிட்டால், வெளியே ஒன்றும் தென்படவில்லை என்பதுதான் அவரிடமிருந்து நமக்குக் கிடைக்கும் செய்தி.

### 4111

முன் டயர்களிலும் பின்பக்க வெளி டயர்களிலும் எண்ணைப் பார்த்திருந்தேனே தவிர உள் டயர்கள் இரண்டையும் நான் பார்த்ததே இல்லை. பார்ப்பது எளிதும் அல்ல. முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் போதும் என்பது விதி. உள் டயரில் அது பெரும்பாலும் வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தபடி இருக்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து, கைவிளக்குடன் வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தேன். வலப்பக்க உள் டயரில் 2216. இடப்பக்கத்தில் கண்ணுக்கு எட்டவில்லை. கைபேசியை நீட்டி, தோராயமாகப் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்து, வெளியே வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழாவதோ எட்டாவதோ படத்தில், சேறு படிந்த எழுத்துகளின் முடிவில், தலைகீழாக 4111 என்று இருந்தது.

படத்தைத் திருப்பிப் பார்த்தாலும் அதே எண்தான். 2011-ஆம் ஆண்டின் 41-ஆவது வாரம், அக்டோபர். வண்டியுடன் தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் டயர்களில் ஒன்று. பன்னிரண்டரை வயது. 2016-இல் ஏதோ ஒரு காரணத்தால் இது மட்டும் தப்பிவிட்டது. அல்லது ஸ்டெப்னியாகத் தொங்கிய பழைய டயரை இடையில் ஒரு பஞ்சரின்போது யாரோ பூட்டியிருக்கலாம். விற்றவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. என்னைப்போலவே அவரும் குனிந்தால் தெரிகிற எண்களை மட்டும் பார்த்திருப்பார்.

மோவாப் பயணத்தை நினைத்துப் பார்த்தேன். அதற்கு முந்தைய ஆண்டு ஓரிகான் கடற்கரை, அதற்கும் முன்னால் ஸ்போக்கேன். ஒன்றும் ஆகவில்லை என்ற என் மூன்றாவது சான்று, இந்த டயரின் மேல் உட்கார்ந்து சேகரித்த சான்று.

வெட்கத்துடன் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நிலையிலும் என் முதல் எண்ணம், இந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா என்பதுதான். பிரிட்டனின் சட்டத்தைக்கூடத் துணைக்கு இழுத்தேன். அங்கே 2012 செப்டம்பரில், வைட் தீவில் நடந்த இசைவிழாவிலிருந்து திரும்பிய பேருந்தொன்றின் முன் டயர் சரே பகுதியில் ஏ3 சாலையில் வெடித்து, வண்டி மரத்தில் மோதி மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது 19. இறந்தவர்களில் ஓர் இளைஞனுக்கு 18. அவனுடைய தாய் பல ஆண்டுகள் விடாமல் போராடிய பின், 2021 பிப்ரவரி 1 முதல் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்து வயதைக் கடந்த டயர்களுக்குத் தடை வந்தது. முன் அச்சில்தானே, பின்னால் இரட்டை டயர்களுக்குத் தடை இல்லையே என்று என் மனம் வாதாடியது. ஒரு தாயின் பத்தாண்டுக் கண்ணீரிலிருந்து எனக்குச் சாதகமான ஒரு துணைவிதியை உருவி எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தபோது கைபேசியை மூடிவைத்தேன். ஒன்றை மட்டும் மாற்றுவது வேறு காரணத்தாலும் பொருந்தாது. இரட்டையில் ஒன்று புதிதாகவும் மற்றது தேய்ந்ததாகவும் இருந்தால் விட்டம் வேறுபடும், பெரிய டயர் தன் பங்குக்கு மேல் சுமக்கும். ஆகவே குறைந்தது இரண்டு. இரண்டு மாற்றும்போது மீதி நான்குக்கும் எட்டு வயது. என் மனைவி இந்தக் கணக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆறையும் மாத்திடுங்க. இல்லாட்டி யெல்லோஸ்டோன் வரைக்கும் நீங்க மலையைப் பார்க்க மாட்டீங்க, சத்தத்தைத்தான் கேட்டுட்டு வருவீங்க” என்றாள்.

### கடைத் தரையில்

சாதாரண டயர் கடைகளின் தூக்கிகள் மோட்டார்ஹோமின் எடையைத் தாங்காது என்பதால் லாரிகளுக்கு வேலை செய்யும் ஒரு கடையில் நாள் கேட்டு வாங்கினேன். ஏப்ரல் கடைசி வாரம். புது டயர்கள் ஆறு மாதத்துக்கு மேல் பழையவையாக இருக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். கிடங்கில் கிடந்த காலமும் வயதில் சேரும். கழற்றிய டயர்களை ரிம்மிலிருந்து பிரித்து, ஒவ்வொன்றாக உருட்டிக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்துவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்து அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஆறும் கழன்ற பிறகு, அந்த 2011 டயரை மட்டும் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பலாம் என்று உள்ளே போனேன். எது எந்தச் சக்கரத்தில் இருந்தது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை, பன்னிரண்டரை வயதுக் கிழ டயரைக் கண்டுபிடிக்க முடியாதா என்ன?

மூன்றாவதாகச் சாய்ந்திருந்த டயரின் பக்கவாட்டில் நகக்கீறல்கள்போல நெடுக வெடிப்புகள் இருந்தன. இதுதான் என்று குனிந்து படமெடுத்தேன். எண்ணைப் பார்த்தால் 2216. சரி, அதற்கடுத்து நிறம் வெளுத்து, சாம்பல் பூத்ததுபோல் இருந்தது. அதுவும் 2216. இப்படியே நான்கு டயர்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வரிசையின் கடைசியில் இருந்ததிடம் வந்தேன். ஆறில் அதுதான் கருகருவென்று, வெடிப்பு ஒன்றுகூட இல்லாமல், சேற்றைத் துடைத்தால் கடையிலேயே விற்கலாம் போல இருந்தது. அதில்தான் 4111.

அங்கே நான் வெகுநேரம் குந்தியிருந்தேன். காரணம் விளங்க அதிக நேரமாகவில்லை. உள் டயரை வெளி டயர் மறைத்துக்கொண்டிருக்கிறது; பன்னிரண்டு ஆண்டுகளில் அதன்மேல் வெயில் பட்டதே இல்லை. எங்கள் வண்டியின் வலப்பக்கம் தெற்கு நோக்கி நிற்கும், வெடிப்பு விழுந்த முதல் டயர் அந்தப் பக்கத்து வெளி டயராகத்தான் இருந்திருக்கும். வெளித்தோற்றம் எனக்குச் சொன்னதெல்லாம் எந்த டயர் எவ்வளவு வெயில் காய்ந்தது என்பதைத்தான். ஆனால் ஓடும்போது அதிக வெப்பத்தில் வேகுவது உள் டயர்தான், அதற்குக் காற்றோட்டம் கிடையாது. காற்றிறங்கினாலும் பக்கத்து டயர் தாங்கிக்கொள்வதால் வெளியே தெரியாது. மிக மோசமான வாழ்க்கை வாழ்ந்த டயர் மிக அழகாக இருந்தது. வேலை செய்துகொண்டிருந்தவரிடம் சொன்னபோது அவருக்கு வியப்பே இல்லை. உள் டயர் எப்போதும் அழகாகத்தான் இருக்கும் என்றார். பிறகு துளையிடும் கருவியை எடுத்துவந்து, யாரும் மீண்டும் பூட்டிவிடாதபடி, ஆறு டயர்களின் பக்கவாட்டிலும் ஒவ்வொரு துளை போட்டார். அந்த ஒலி மட்டும் அப்பாவுக்குக் கேட்டிருக்கக் கூடாது.

அந்தத் தரையில் குந்தியிருந்தபோதுதான் பல வாரங்களாக நான் செய்துகொண்டிருந்தது என்னவென்று தெளிவாயிற்று. டயரைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு முறை நாணயம் செருகினால், இன்னும் ஒரு முறை எடை போட்டால், இன்னும் ஒரு தேர்ந்தவரிடம் காட்டினால் விடை வந்துவிடும் என்று. எது சிதறப்போகிறதோ அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும்போது, பார்ப்பதால் கிடைக்கும் ஒவ்வொரு செய்தியும் தள்ளிப்போடுவதற்கான சாக்காகவே எனக்குப் பயன்பட்டது. அதிலும் நான் பார்த்ததெல்லாம் பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு, பணம் செலவாகுமே என்ற கவலையுடன் பார்த்தது. அந்தக் கண் நடுநிலையான கண் அன்று.

ஆகவே இப்போது தேதியை முன்கூட்டியே குறித்துவைப்பதாக முடிவு. டயர் புதிதாக இருக்கும்போதே, பயணம் எதுவும் திட்டத்தில் இல்லாதபோது, செய்த வாரத்திலிருந்து கணக்கிட்டு ஒரு தேதி. ஆண்டுதோறும் பரிசோதிப்பதை நிறுத்தப்போவதில்லை. உள் டயர்களையும் சேர்த்துத்தான். ஆனால் பரிசோதனை அந்தத் தேதியை முன்னால் இழுக்கலாமே தவிரப் பின்னால் தள்ளக் கூடாது. நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்று சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது.

இதில் எனக்கு முழு நிறைவு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பூட்டுவது, சமன்செய்வது, பழையதை அப்புறப்படுத்துவது எல்லாம் சேர்த்து 1,480 டாலர். ஏழு ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு இருநூற்றுச் சொச்சம். மூன்று நான்கு இரவு முகாம் வாடகை. பணத்தை இப்படி ஆற்றிக்கொள்ளலாம். ஆனால் ஐந்து டயர்கள், ஒருவேளை ஆறுமே, இன்னும் பல ஆயிரம் மைல் ஓடியிருக்கக்கூடும். கழற்றிய டயர் தான் வெடித்திருக்கும் என்று ஒருபோதும் நிரூபித்துக் காட்டாது. பட்டன் உள்ள டயரில் துளை போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது நாமக்கல்லில் வளர்ந்தவனுக்கு எளிதல்ல. அப்பாவுக்கு 4111 டயரின் படத்தையும் வெடிப்பு விழுந்த 2216 டயரின் படத்தையும் சேர்த்து அனுப்பி, எது பழையது என்று கேட்டேன். அவர் வெடிப்பு விழுந்ததைத்தான் காட்டினார். விடையைச் சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கேசிங் நல்லாத்தான் கண்ணு இருக்குது, ரீட்ரெட்டுக்குக் கேட்டுப் பார்த்தியா?” என்றார்.

யெல்லோஸ்டோன் பயணத்துக்கு முன் காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவியும் வாங்கிப் பூட்டினேன். 2007 முதல் புதிய கார்களில் கட்டாயமான இந்தக் கருவி, எடையில் 10,000 பவுண்டைத் தாண்டும் எங்கள் போன்ற இரட்டைச் சக்கர வண்டிகளுக்கு விதிவிலக்கு. கார் வாங்கினால் தானாக வருவது, வீட்டையே சுமந்து போகும் வண்டியில் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது. வான்டேஜ் அருகே கொலம்பியா ஆற்றைக் கடந்து வெயிலில் மேடேறியபோது உள் டயர்கள் இரண்டும் வெளி டயர்களைவிடச் சூடாக இருப்பதைத் திரையில் பார்த்தேன். அதற்குப் பிறகு, என் மனைவி எதிர்பார்த்ததற்கு மாறாக, மலைகளையும் ஓரளவு பார்த்தேன்.

புது டயர்களில் நான்கில் 4823, இரண்டில் 0324. மூத்ததை வைத்துக் கணக்கிட்டு, சமையல் அடுப்புக்கு மேலிருக்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டுத்தாளில் ‘டயர்: 2030 டிசம்பர்’ என்று எழுதி ஒட்டினேன். ஏழு ஆண்டு. ஃபோர்டின் ஆறுக்கும் டயர்க்காரர்களின் பத்துக்கும் நடுவே, குளிர்ந்த ஊர் என்பதற்காக நானே எனக்கு அளித்துக்கொண்ட ஓர் ஆண்டுச் சலுகை அதில் இருக்கிறது. மிசோலாவில் ஒரு நாள் காலையில் காப்பித்தூள் எடுக்க அந்தக் கதவைத் திறந்தேன். நான் எழுதியதை என் மனைவி அடிக்கவில்லை. அதற்குக் கீழே 2029 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.